ஓடுறவனை அடிச்சா எத்தனை புள்ளி?

இந்தப் பக்கம் வந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆணி அதிகம். பாதி ஆபீஸ்ல கொடுத்த ஆணி, மீதி நானே தேடிப்போய் அடிச்சுக்கிட்ட ஆணி. இந்தப் பதிவு அந்த ரெண்டாவது ரகத்தைப் பத்தி. கேம் விளையாடாத மக்களும் தாராளமா உள்ள வரலாம். நடுவுல ஊருணி, அப்பத்தா, மகாபாரதம் எல்லாம் வரும்.

கூடப் படிச்ச ரெண்டு பேரும் நானும் சேர்ந்து சனி ஞாயிறுகள்ல ஒரு ஃபேன்டஸி ரோல்-பிளேயிங் கேம் எழுதிட்டு இருக்கோம். ஒன்றரை வருஷம் ஓடிப் போச்சு. எனக்கு கோடிங், ஒருத்தனுக்குப் படம், ஒருத்திக்கு இசையும் சத்தமும். கதையும் என் தலையில. ஒரு கற்பனை நாடு, நாலு வருஷமா மழை இல்லை. ஊருக்கே ஒரே ஒரு ஊருணி. அதுக்கு ராத்திரிக் காவல் நீங்கதான். உங்க கம்புல ஒரு முனி குடியிருக்கு. கூட ஒரு நாய். பக்கத்து ஊர்ல இருந்து இருட்டுல தண்ணி திருட வர்றவங்களை அடிச்சு விரட்டணும்.

சண்டையைப் பத்தி மட்டும் கொஞ்சம் பெருமை அடிச்சுக்கறேன், பொறுத்துக்குங்க. செஸ் மாதிரி கட்டம் போட்ட தரை, ஆளுக்கு ஒரு முறை. கம்பால அடிச்சா எதிராளி ஒரு கட்டம் பின்னாடி போவான். பின்னாடி படி இருந்தா உருளுவான், தண்ணி இருந்தா விழுவான், இன்னொருத்தன் நின்னா ரெண்டு பேருக்கும் அடி. நாயை ஒரு பக்கம் நிறுத்திட்டு சரியான கட்டத்துல கம்பைச் சுத்தினா ஒரே வீச்சுல மூணு பேர் காலி. எல்லாத்துக்கும் மேல அந்தச் சத்தம். திருடன் கையில இருக்கற பித்தளைக் குடம் கல்படியில விழுந்து 'டொய்ங்ங்'னு உருண்டு போகும். தோழி அவங்க வீட்டுக் குடத்தையே மொட்டை மாடிப் படியில உருட்டிவிட்டு ரெக்கார்ட் பண்ணினது (குடம் நசுங்கினதுக்கு அவங்க அம்மா என்ன சொன்னாங்கங்கறது தனிப்பதிவு). அந்த ஒரு சத்தத்துக்காகவே வேலையை விட்டுட்டு மூணு பேரும் விளையாடிட்டு உக்காந்திருக்கோம்.

கதைப் பக்கமும் சும்மா இல்லை. சண்டை முடிஞ்சதும் பிடிபட்டவன்கிட்ட பேசலாம். வீட்டுல குழந்தைக்குக் காய்ச்சல்னு சொல்லுவான். விடலாமா, ஊர்க்கூட்டத்துல நிறுத்தலாமா? கனமான வசனம், பின்னணியில சோகப் புல்லாங்குழல். தர்மசங்கடம் டிபார்ட்மென்ட் ஓவர்னு லிஸ்ட்ல டிக் அடிச்சு வெச்சிருந்தேன்.

இப்ப இளையாத்தங்குடிக்குப் போவோம்.

எங்க வீடு கீழச்சிவல்பட்டியில, கோயில் பக்கத்துல இருக்கற இளையாத்தங்குடியில. நகரத்தார் சமாச்சாரம் தெரியாதவங்களுக்கு: மொத்தம் ஒன்பது நகரக் கோயில், ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு கோயிலைச் சேர்ந்தது. கல்யாணத்துக்குக் கோயில்ல இருந்து மாலை வரும். அப்பதான் புதுசா ஒரு 'புள்ளி' கணக்குல ஏறும். புள்ளின்னா எங்க பக்கம் கல்யாணம் ஆன ஒரு குடும்பம். இந்த அர்த்தத்தை ஞாபகம் வெச்சுக்குங்க, சீக்கிரமே தேவைப்படும்.

தை மாசம் தம்பி கல்யாணம். அது விஷயமா அப்பத்தா, நான், ஆச்சி மகன் (ஆச்சின்னா எங்க பக்கம் அக்கா) மூணு பேரும் கோயிலுக்குப் போயிருந்தோம். கைலாசநாதரையும் நித்தியகல்யாணியையும் கும்பிட்டாச்சு. பார்க்க வேண்டிய ஆள் வர ஒரு மணி நேரம் ஆகும்னாங்க. பதினோரு வயசுப் பையனை ஒரு மணி நேரம் சும்மா உக்கார வைக்கறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும். பையில லேப்டாப் இருந்தது. நிழலாப் பாத்து உக்காந்து, "டேய், அம்மான் செஞ்ச கேம் இருக்கு, விளையாடிப் பாரு"ன்னு கொடுத்தேன். எங்க மூணு பேரைத் தவிர வேற ஒருத்தர் அதைத் தொட்டது அன்னைக்குத்தான் முதல் தடவை.

பய பின்னிட்டான். பத்தே நிமிஷத்துல நாய் வித்தை, கம்பு வித்தை எல்லாம் அத்துபடி. டொய்ங், டொய்ங்னு குடம் உருளுது. சிரிக்கறான். எனக்குப் பெருமை தாங்கலை. அப்பத்தா கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பக்கத்துல இருந்து பாத்துட்டே இருந்தாங்க.

"ஏன் தம்பி, அவன் தண்ணி எடுக்கத்தானே வந்தான்?"

"திருட வந்தான் அப்பத்தா."

"சரி, திருடத்தான் வந்தான். அதான் கொடத்தப் போட்டுட்டு ஓடுறானே. இவன் ஏன் தொரத்திக்கிட்டே போறான்?"

ஆச்சி மகன் தலையைத் தூக்காமலே பதில் சொன்னான். "புள்ளி கெடைக்கும் அப்பத்தா. ஓடுறவன்னா ஈஸி. திருப்பி அடிக்க மாட்டான்."

அப்பத்தா கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "ஆள அடிச்சாப் புள்ளி கூடுமா? கொறையத்தானே செய்யும்?"

நான் சிரிச்சேன். அவங்க சிரிக்கலை, அவங்க நிஜமாத்தான் கேட்டாங்க.

பையன் மேல தப்பே இல்லை. ஒரு ஆளை வீழ்த்தினா 15 புள்ளின்னு எழுதினது நான். அடிபட்டவன் ஓடணும்னு எழுதினதும் நான், பார்க்க இயல்பா இருக்கட்டுமேன்னு. இந்த ரெண்டு வரியும் சேர்ந்தா என்ன ஆகும்னு யோசிக்கலை. 'இரக்கப்படு'ன்னு வசனத்துல சொல்லிட்டு, 'துரத்தி அடி'ன்னு கணக்குல எழுதி வெச்சிருக்கேன். குழந்தைங்க வசனத்தைக் கேக்கறதில்லை மக்களே, கணக்கைத்தான் பாக்கறாங்க. பெரியவங்களும் அப்படித்தான். காய்ச்சல்கார வசனத்தை அவன் படிக்கவே இல்லை, தட்டித் தள்ளிட்டான்.

இது எனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. கிளின்ட் ஹாக்கிங்னு ஒரு கேம் வடிவமைப்பாளர் 2007ல பயோஷாக் விளையாட்டைப் பத்தி எழுதும்போது இதுக்கு 'லூடோநெரேட்டிவ் டிஸொனன்ஸ்'னு வாயில நுழையாத பேர் ஒண்ணு வெச்சார். கதை ஒரு பக்கம் இழுக்குது, ஆட்டம் இன்னொரு பக்கம் இழுக்குதுங்கறதுதான் விஷயம். (அவர் எழுதினதும் ஒரு வலைப்பதிவுலதான். மொக்கை போடறதுக்கு நடுவுல நாமளும் இப்படி ஏதாவது பேர் வெச்சா சரித்திரத்துல நிக்கலாம்.) 2015ல வந்த விட்சர் 3 எடுத்துக்குங்க. அதுல ப்ளடி பாரன் கதை என்னை ரெண்டு நாள் தூங்க விடலை. குடிச்சுட்டு பொண்டாட்டியை அடிக்கறவன், ஆனா அவனை முழுசா வெறுக்கவும் முடியாது. அந்தக் கதை முடிஞ்சு கண்ணைத் துடைச்சுட்டு ரோட்டுக்கு வந்தா, வழியில நாலு கொள்ளைக்காரங்க. சரக் சரக்குன்னு நாலு தலை. அவங்களுக்குப் பொண்டாட்டி புள்ளை இருந்ததான்னு யாரும் கேக்கலை. நானும் கேக்கலை, சட்டைப் பையில என்ன இருக்குன்னுதான் பாத்தேன்.

நம்ம நாட்டுலயே ரெண்டு விளையாட்டு இந்த விஷயத்துல நேரெதிர் முனையில நிக்குது. புனேயில நாடிங் ஹெட்ஸ் பண்ணின ராஜி 2020ல வந்தது. ரோல்-பிளேயிங்னு சொல்ல முடியாது, அடிதடி சாகசம். தம்பியைத் தூக்கிட்டுப் போன அசுரங்களை அடிச்சு நொறுக்கற ஒரு பொண்ணு. பார்க்க அவ்வளவு அழகு. ஆனா எதிரி அசுரன்னு ஆனப்புறம் கேள்விக்கு இடமே இல்லை. இன்னொண்ணு அன்ரெஸ்ட், 2014. பைரோடாக்டில்னு ஒரு சின்னக் குழு, கிக்ஸ்டார்ட்டர்ல பணம் திரட்டிப் பண்ணினது. பழைய இந்தியா சாயல்ல ஒரு கற்பனை நகரம், பஞ்சம், பட்டினி. ஒரு அத்தியாயத்துல நீங்க வீட்டுல பேசி முடிச்ச கல்யாணத்துல மாட்டின ஏழைப் பொண்ணு, ஒண்ணுல இளவரசி, ஒண்ணுல நாகர்களோட தூதர். சண்டை ரொம்பக் குறைவு, பெரும்பாலும் தவிர்த்துடலாம். எல்லாம் பேச்சுதான். நான் ரொம்ப மதிக்கற விளையாட்டு. ஆனா உண்மையைச் சொல்லணும்னா, ஒரு தடவை முடிச்சதோட சரி, திரும்பத் தொடலை. கைக்கு வேலையே இல்லை.

அப்ப ருசியா, நியாயமா, ஏதாவது ஒண்ணுதானா?

1985லயே ஒரு ஆள் நடுவுல புகுந்து பார்த்திருக்கார். அல்டிமா 4, ரிச்சர்ட் கேரியட். முந்தைய பாகங்கள்ல ஜனங்க கடைக்காரனைக் கொள்ளையடிச்சும் ஊர்க்காரங்களைக் கொன்னும் ஜெயிக்கறாங்கன்னு தெரிஞ்சப்புறம், வில்லனே இல்லாம ஒரு விளையாட்டு எழுதினார். எட்டு நற்குணத்துலயும் தேறினாத்தான் ஜெயிப்பு. அதுல மூலிகை விக்கற ஒரு கண் தெரியாத அம்மா உண்டு. எவ்வளவு காசு வைக்கணும்னு சொல்லுவாங்க, எண்ணி வைக்கறது நீங்க. குறைச்சு வெச்சாலும் ஒண்ணும் ஆகாது. பல மணி நேரம் கழிச்சுத்தான் ஆப்பு. சண்டையிலயும் அந்தக் கணக்கு ஓடிட்டே இருக்கும். 2015ல வந்த அண்டர்டேல் இன்னும் ஒரு படி மேல. அங்க எதிரியோட பேசறது, விட்டுடறது எல்லாமே சண்டைப் பொத்தான்தான். நியாயத்தைச் சண்டைக்கு அப்புறம் வசனத்துல வைக்காம, அடிக்கற அந்த முறைக்குள்ளேயே வெச்சவங்க இவங்க.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. எனக்கு மண்டையில உறைச்சது அப்பத்தா சொன்னப்பதான்.

ஆள் இன்னும் வரலை. அப்பத்தா கொசுவர்த்தி சுத்த ஆரம்பிச்சாங்க. 1962ல இதே இளையாத்தங்குடியில காஞ்சிப் பெரியவர் வியாச பாரத ஆகம சிற்ப சதஸ் நடத்தினார். எங்கெங்கேயோ இருந்து பண்டிதர்கள், கலைஞர்கள். அப்பத்தா அப்ப புதுப்பொண்ணு. கூட்டத்தோட கூட்டமா வந்து பாத்தாங்களாம். என்ன பேசினாங்கன்னு ஒண்ணும் புரியலைன்னு சொல்லிட்டு, ஆச்சி மகனுக்குத் தருமர் தேர்க் கதையை ஆரம்பிச்சுட்டாங்க. பொய்யே சொல்லாதவர்ங்கறதால தருமரோட தேர் தரையைத் தொடாம நாலு விரல் உயரத்துல ஓடுமாம். துரோணரை வீழ்த்த 'அசுவத்தாமன் செத்தான்'னு சொல்லிட்டு, 'யானை'ங்கறதை மட்டும் வாய்க்குள்ள முணுமுணுத்தாரு பாரு, அந்த நிமிஷமே தேர் தொபுக்குன்னு மண்ணுல இறங்கிடுச்சு.

ஆச்சி மகன் லேப்டாப்பை விட்டுட்டுக் கேட்டான். "அப்புறம் மேல ஏறவே இல்லையா?"

"இல்ல."

"போர்ல ஜெயிச்சாங்கள்ல?"

"ஜெயிச்சாங்க."

இதை ஒரு ப்ரோக்ராமர் காதால கேட்டுப் பாருங்க. சண்டைக்கு நடுவுல ஒரு நகர்வு. அது பலிக்குது. துரோணர் விழுந்துட்டார், ஜெயிப்பு உங்களுக்குத்தான். 'நீ கெட்டவன்'னு செய்தி ஏதும் திரையில வரலை. ஆனா ஓட்டிட்டு இருக்கற வண்டி நாலு விரல் இறங்கிடுச்சு, இனிமே ஏறாது. வியாசர் இதை ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்பப் பண்ணியிருக்கார். முதல் நாளுக்கு முன்னாடியே ரெண்டு பக்கமும் உக்காந்து போர் விதி பேசிக்கறாங்க. பத்தாம் நாள் பீஷ்மர், சிகண்டியை முன்னால நிறுத்தி. பதிமூணாம் நாள் அபிமன்யு, ஒருத்தனைப் பல பேர் சேர்ந்து. பதினேழுல கர்ணன், தேர்ச் சக்கரம் புதைஞ்சு நிக்கும்போது. பதினெட்டுல துரியோதனன், தொடையில. பெரிய சண்டை ஒவ்வொண்ணும் விதியை மீறித்தான் முடியுது. ஆனா சண்டையோட ருசி குறைஞ்சுதா? வட மாவட்டங்கள்ல பதினெட்டாம் போர் கூத்தை ஜனங்க இன்னைக்கும் விடிய விடிய உக்காந்து பாக்கறாங்க. ருசி இருக்கறதாலதான் அந்த அடி வலிக்குது.

தமிழ்லயும் இதுக்கு ஒரு சொல் இருக்கு. தழிஞ்சி. புறப்பொருள் வெண்பாமாலையில ஒரு துறை. தோத்து முதுகு காட்டி ஓடறவன் மேல ஆயுதம் வீசாத வீரம். பத்தாங்கிளாஸ் தமிழ் ஐயா இதைச் சொல்லியிருந்தா 'ஆஹா, ஒரு கேம் மெக்கானிக்'னு துள்ளியிருப்பேன். சொல்லியும் இருக்கலாம், நான்தான் கடைசி பெஞ்சு.

இதோட பதிவை முடிச்சிருந்தா சுகமா இருந்திருக்கும். புள்ளியை எடு, தழிஞ்சியைப் போடு, எல்லாம் சுபம். ஆனா அன்னைக்கு ராத்திரி, வீட்டு வளவுல பாய் போட்டுப் படுத்திருக்கும்போது, அப்பத்தா திடீர்னு கேட்டாங்க.

"அந்தத் தண்ணி எடுக்க வந்தவுக யாரு?"

"பக்கத்து ஊர்க்காரங்க அப்பத்தா. கதைதானே."

"அவுக ஊர்ல ஊருணி இல்லையா?"

எனக்கு பதில் தெரியலை. கதை எழுதின எனக்கே தெரியலை! திருடன்னா எங்கிருந்தோ வருவான், அவ்வளவுதான்.

அப்பத்தா அவங்க பொறந்த ஊரைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சாங்க (ஊர் பேர் வேண்டாம்). அங்கயும் ஊருணிக்குக் காவல் உண்டு. குளிக்கக் கூடாது, மாடு இறக்கக் கூடாது, குடிக்க மட்டும்தான். "எல்லாரும் எறங்கிர முடியாது." எல்லாரும்னா யாருன்னு கேட்டேன். கொஞ்சம் நேரம் பேசலை. "சேரிக்காரவுக எறங்கக் கூடாதும்பாக. படிக்குத் தள்ளி நிப்பாக. யாராச்சும் மொண்டு ஊத்துனாத்தான். நானும் ஊத்திருக்கேன். ஊத்தாமயும் வந்துருக்கேன்."

அந்தக் கடைசி வரியைச் சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டாங்க.

எங்க ஆளுங்க ஊருணி வெட்டினதைப் பெருமையாச் சொல்லி வளர்ந்தவன் நான். அந்தப் பெருமையோடதான் கேம்லயும் ஊருணி வெச்சேன். காவல்காரனை ஹீரோவா வெச்சேன். படிக்கு அந்தப் பக்கம் நிக்கறவங்களைத் திருடனா வெச்சேன். தெரிஞ்சு பண்ணலை. தெரியாம கையில வந்தது அதுதான்.

பெங்களூர் திரும்பினதும் தேடிப் படிச்சேன். ஜே.எச். ஹட்டன், 1931 சென்சஸ் கமிஷனரா இருந்தவர். 1946ல வந்த அவரோட 'காஸ்ட் இன் இந்தியா' புத்தகத்துல, அன்னைய ராமநாதபுரம் மாவட்டத்துல 1930, 31ல ஆதிதிராவிடர்கள் மேல போட்ட தடைகளோட பட்டியல் இருக்கு. எங்க ஊரெல்லாம் அப்ப அந்த மாவட்டம்தான். அதுல ஒண்ணு: பெண்கள் செம்பு, பித்தளைக் குடத்துல தண்ணி எடுக்கக் கூடாது, மண்குடம்தான். சும்மாடு துணியில கூடாது, வைக்கோல்லதான்.

பித்தளைக் குடம். டொய்ங்ங்.

ரெண்டு நாள் கோடைத் திறக்கவே இல்லை. நண்பன் போன் பண்ணி, "மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டு வேற கதை பண்ணலாமா, டிராகன் கீகன்னு?"ன்னான். தோழிதான் ஒத்துக்கலை. "சண்டை நல்லா இருக்குல்ல. அது நல்லா இருக்கறதுதான் விஷயமே. பையன் சிரிச்சான்ல, அந்தச் சிரிப்பை எடுக்காதே. அது மேலயே கதையை ஏத்து"ன்னா. எங்க மூணு பேர்ல அவளுக்குத்தான் மூளை.

அதனால சண்டையில ஒரு கட்டத்தைக்கூட மாத்தலை. நாய், கம்பு, உருள்றது எல்லாம் அப்படியே. புள்ளி மட்டும் போச்சு. ஆளை வீழ்த்தினா ஒண்ணும் கிடையாது, விடியும்போது ஊருணியில எத்தனை படி தண்ணி மிச்சம்ங்கறதுதான் கணக்கு. ஓடறவனைத் துரத்தி அடிக்கலாம், யாரும் தடுக்கலை. தழிஞ்சின்னு பொத்தான் போடற ஆசையையும் அடக்கிக்கிட்டேன். பொத்தான் போட்டா அதுக்கும் ஒரு மார்க்னு நினைச்சுப்பாங்க. ஆனா அடிச்சா உங்க கம்புல இருக்கற முனி ஒரு வார்த்தை பேசாம கொஞ்சம் இறங்கிடும். ஓங்கினா முன்ன போன தூரம் கம்பு போகாது. ஏன்னு சொல்ல மாட்டோம்.

திருடங்க கையில இப்ப மண்குடம். அந்தச் சத்தத்துக்காகத் தோழி ஆறு குடத்தை உடைச்சிருக்கா. நாலாவது ராத்திரி முடிஞ்சதும் கதை திரும்பும். அதே ஊருணி, அதே கட்டங்கள், அதே பொத்தான்கள், ஆனா இப்ப நீங்க படிக்கு அந்தப் பக்கம். தலையில வைக்கோல் சும்மாடு. காவல்காரன் வீட்டு வாசல்ல ஒரு பித்தளைக் குடம் இருக்கு. மண்குடத்தை விட ரெண்டு மடங்கு தண்ணி பிடிக்கும். எடுத்தா, போற வழியில எங்கயாவது கால் இடறினா, அதே டொய்ங்ங். காவல்காரன் முழிச்சுக்குவான். நாலு ராத்திரி ரசிச்சு ரசிச்சுக் கேட்ட சத்தம் இப்ப உங்க வயித்தைக் கலக்கும்.

சித்திரை லீவுல ஆச்சி மகனுக்குப் புது வெர்ஷனை அனுப்பினேன். வீடியோ கால்ல உக்காந்து பாத்தேன். முதல்ல ஓடின ரெண்டு பேரை விட்டுட்டான். எனக்கு ஒரே பூரிப்பு. மூணாவது ஆளை ஊர் எல்லை வரைக்கும் துரத்திட்டுப் போய் அடிச்சான்.

"ஏன்டா?"

"அவன் என் நாயை அடிச்சான் அம்மான்."

முனி இறங்கினதைக் கவனிச்சான். கம்பை ரெண்டு தடவை சுத்திப் பாத்தான். "பக் இருக்கு, சரி பண்ணுங்க"ன்னான். பக் இல்லைன்னு சொன்னேன். மேல ஒண்ணும் கேக்கலை, தொடர்ந்து விளையாடினான்.

பின்னாடி இருந்து அப்பத்தா குரல். "தம்பி, அந்த ஊருணில கடைசில எல்லாரும் எறங்கலாம்னு ஆகுதா, இல்லையா?"

"அது இன்னும் எழுதலை அப்பத்தா."

"சீக்கிரம் எழுது. எனக்கு வயசாகுது."